ஈட்டிக்காரனிடம் இலவச யுத்தம் கேட்கலாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: தனியாகத் தொழில் செய்யும் கம்ப்யூட்டர் புரோகிராமர்கள் ஒப்பந்த வேலை பெறத் தேர்வு எழுத வேண்டுமா, வேண்டாமா? ‘வேண்டாம்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்பே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் டி.வி.க்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரே!

தலைப்பைக் கேட்டதும் முன் வரிசையில் இருக்கற பெரியவங்க சிலபேர் முகம் கொஞ்சம் சுருங்குச்சு. ‘கம்ப்யூட்டர் சமாசாரமாச்சே, நமக்கு என்ன புரியப் போகுது’ன்னு. கவலையே படாதீங்க. புரோகிராம் எழுதறதும் தையல் வேலை மாதிரி ஒரு தொழில்தான். பெரிய கம்பெனியில மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து தைக்கறவங்க உண்டு. வீட்டு வாசல்ல மெஷினைப் போட்டுக்கிட்டு, வர்ற துணியைத் தைச்சுக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவுன்னு வாங்கறவங்களும் உண்டு. இந்த ரெண்டாவது ரகத்துக்குப் பேர்தான் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர். நான் அந்த ரகம். ஈரோட்டுல ஒரு மாடி ரூம், ஒரு லேப்டாப், கரண்ட் போனா ஒரு இன்வர்ட்டர். கடைக்கு பில் போடற புரோகிராம், ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கற புரோகிராம்னு கேட்டவங்களுக்கு எழுதிக் கொடுக்கறேன்.

இந்தப் பேர்லதாங்க முதல் வில்லங்கமே. ஃப்ரீலான்ஸ்ங்கற வார்த்தைக்கு முன்னால ‘ஃப்ரீ’ன்னு இருக்குதா? அதைப் பார்த்துட்டு நாங்க இலவசம்னு நிறையப் பேர் முடிவு பண்ணிடறாங்க! (சிரிப்பு) உண்மையில அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுங்களா? லான்ஸ்னா ஈட்டி. 1819ல வெளிவந்த ‘ஐவன்ஹோ’ங்கற நாவல்ல வால்டர் ஸ்காட் அந்த வார்த்தையைக் கையாண்டிருக்கார். எந்த ராஜாவுக்கும் நிரந்தரமாக் கட்டுப்படாம, கூலி பேசிக்கிட்டுச் சண்டைக்குப் போற ஈட்டிக்காரன். அவ்வளவுதான் அர்த்தம். நடுவர் அவர்களே, சரித்திரத்துல எந்த ராஜாவாவது அவனைக் கூப்பிட்டு, “தம்பி, உன் ஈட்டி நல்லா இருக்கு. முதல்ல பக்கத்து நாட்டுக்காரனோட ஒரு சின்ன யுத்தம் இலவசமாப் பண்ணிக் காட்டு, பிடிச்சிருந்தா சம்பளம் பேசலாம்”னு சொன்னதா உண்டா? (கைதட்டல்) சொல்லியிருந்தா அவன் ஈட்டியை எந்தப் பக்கம் திருப்பியிருப்பான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

எதிரணியில முதல்ல பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு. “பொண்ணு பார்க்கப் போற இடத்துல ஒரு பாட்டுப் பாடச் சொல்றதில்லையா? அது மாதிரி இது ஒரு டெஸ்ட், இதுல என்ன கௌரவக் குறைச்சல்?” அண்ணே, நல்லவேளை நீங்களே அந்த உதாரணத்தை எடுத்தீங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க பாட்டை மட்டுமா கேட்டாங்க? சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டாங்க, காபி நல்லா இருக்குன்னு ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சாங்க, அப்புறம் எழுந்து, “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்”னு சொல்லிட்டுப் போனாங்களே, அந்த லெட்டருக்காக எத்தனை வீட்டுத் திண்ணையில எத்தனை அப்பாக்கள் தபால்காரரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க! (பலத்த கைதட்டல்) எங்க டெஸ்டும் அச்சு அசல் அதேதான். சொஜ்ஜி எங்களோடது. லெட்டர் மட்டும் வராது.

(நடுவர்: “அம்மா, நீங்க சொஜ்ஜி பஜ்ஜியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்க, எனக்குப் பசிக்குது!”)

வந்துட்டேங்கய்யா.

எதிரணி சொன்னதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. வேலை கொடுக்கறவங்களுக்கு ஒரு பயம் இருக்கு. நிஜமான பயம். சேலத்துல ஜவுளிக்கடை வச்சிருக்கற ஒருத்தர் எங்கிட்ட வந்தாரு. அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர்கிட்ட 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாசம் காத்திருந்து, கடைசியில அவர் கைக்கு வந்த புரோகிராம்ல 3 சேலைக்கு பில் போட்டா கூட்டலே தப்பா வருதாம். போன் பண்ணினா ஆள் எடுக்கறதில்லை. அந்த மனுஷன் எங்கிட்ட உட்கார்ந்து சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு: “உனக்கு ஏதாவது டெஸ்ட் வைக்கணும்மா. ஆனா என்ன டெஸ்ட் வைக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை.”

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஏமாந்து போறவர் யாரு? கம்ப்யூட்டர் தெரியாத கடைக்காரர், டாக்டர், பள்ளிக்கூடம் நடத்தறவர். அவங்களால கேள்வித்தாள் எழுதவும் முடியாது, விடைத்தாள் திருத்தவும் முடியாது. தேர்வு வைக்கத் தெரிஞ்சவங்க, தனியா கம்ப்யூட்டர் இலாகா வச்சிருக்கற பெரிய கம்பெனிகள். அவங்களுக்கு எங்களை மாதிரி ஆளால பெருசா என்ன நஷ்டம் வந்துடப் போகுது? ஆக, பாதுகாப்பு தேவைப்படறவருக்கு இந்தத் தேர்வு உதவாது; உதவறவருக்கு இது அவ்வளவாத் தேவையில்லை.

அப்போ ஆராயாமலே வேலை கொடுக்கணுமா? அதைக் கேட்டுட்டுத்தான் எதிரணித் தங்கச்சி வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டாங்க. ‘தெரிந்து தெளிதல்’னு ஒரு அதிகாரமே இருக்கு, ஆராயாம யாரையும் நம்பாதேன்னு அய்யனே சொல்லியிருக்கார்னாங்க. தங்கச்சி, அதிகாரத்தை முழுசாப் படிக்கணும். ஒருத்தருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செய்த காரியம்தான் உரைகல்னும் அதே அதிகாரத்துலதாம்மா சொல்லியிருக்கார். ‘செய்த காரியம்’! ஏற்கெனவே செய்து முடிச்ச காரியத்தைப் பாருங்கறார். உன் வீட்டு வேலையை ஓசியில செய்ய வச்சுப் பாருன்னு சொல்லலை. (கைதட்டல்)

நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை எப்படிப் பிடிக்கறோம்? யாரும் அவரைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுல இருபது பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை இலை போட்டுச் சாப்பாடு போடு, ருசியா இருந்தா கல்யாணத்துக்குச் சொல்றோம்”னு கேட்கறதில்லை. கேட்டா கரண்டியாலேயே அடிப்பாரு! அவர் எந்தக் கல்யாணத்துல சமைக்கறாரோ அந்தக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில உட்கார்ந்து, ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சுப் பார்க்கறோம். பந்தி பரிமாறினவங்க பாயசம் பத்தலைன்னு ஓடினாங்களான்னு கவனிக்கறோம். அந்த வீட்டுக்காரங்ககிட்ட, “மளிகை லிஸ்ட் அதிகமாப் போட்டாரா, காலையில நேரத்துக்கு வந்தாரா”ன்னு காதோட கேட்கறோம். அப்புறம் வெத்தலை பாக்குத் தட்டுல அட்வான்ஸ். இத்தனைக்கும் கல்யாணம் கம்ப்யூட்டர் மாதிரி இல்லை. மறுநாள் திருத்த முடியாது. அதுக்கே நம்ம ஊர் வழி இதுதான்.

சரி, ஒரு சின்னப் பரீட்சை கூடக் கூடாதான்னு நடுவர் நினைக்கலாம். கூடும்ங்கய்யா. பால்காரர்கிட்ட லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தா அவர் கோபப்பட மாட்டாரு. குடத்தோட ஊத்திக்கிட்டு ‘டெஸ்ட் பண்ணினேன்’னு சொன்னாத்தான் சண்டை.

லாக்டோமீட்டர் மாதிரி ஒரு கேள்வி எங்க தொழில்ல இருக்கு. 2007ல இம்ரான் கோரிங்கறவர் அதைப் பிரபலப்படுத்தினாரு. பேரு ஃபிஸ்பஸ். குழந்தைங்க வட்டமா உட்கார்ந்து விளையாடற விளையாட்டு. 1லிருந்து 100 வரை எண்ணணும். 3ஆல வகுபடற எண் வந்தா ‘ஃபிஸ்’, 5ஆல வகுபட்டா ‘பஸ்’, ரெண்டாலயும் வகுபட்டா ‘ஃபிஸ்பஸ்’. இதுக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னா, படிச்சு முடிச்சவங்கள்லயே பல பேர் திணறினாங்கன்னு அவர் எழுதினாரு. அஞ்சு நிமிஷ வேலை. இதைக் கேளுங்க, நான் சிரிச்சுக்கிட்டே எழுதித் தர்றேன். அதுல எனக்கு ஒரு மானக்கேடும் இல்லை.

ஆனா எங்களுக்கு வர்ற டெஸ்ட் எப்படி இருக்கும் தெரியுமா? போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. பேர் வேண்டாம். “சின்ன டெஸ்ட்தான் மேடம், 48 மணி நேரம் டைம்”னாங்க. என்ன செய்யணும்? டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கற புரோகிராம். நோயாளி பேர் பதியணும், நேரம் ஒதுக்கணும், ஒரே நேரத்தை ரெண்டு பேருக்குக் கொடுத்துடக் கூடாது, முதல் நாள் சாயங்காலம் தானா எஸ்.எம்.எஸ். போகணும். அய்யா, வெளியில கேட்டா இதுக்குப் பேரு டெஸ்ட் இல்லை, ஆர்டர்! (சிரிப்பு) ரெண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பையனுக்கு அரைப் பரீட்சை. அவன் ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. ரெண்டாவது ராத்திரி எங்க மாமியார் தண்ணி குடிக்க எழுந்தவங்க எட்டிப் பார்த்து, “என்ன சாமி, மணி ரெண்டாச்சு, அவ்வளவு அவசர வேலையா?”ன்னாங்க.

“வேலை இல்லீங்க அத்தை. வேலைக்குப் பரீட்சை.”

“எழுதி முடிச்சா என்ன தருவாங்க?”

“பிடிச்சிருந்தா வேலை தருவாங்க.”

“பிடிக்கலைன்னா?”

நான் பதில் சொல்லலை. எங்க அத்தை இருபது வருஷம் தறி ஓட்டினவங்க. அவங்க சொன்னாங்க: “எங்க பட்டறைக்குப் புது ஆள் வந்தாலும் முதல்ல தறியில விட்டுத்தான் பார்ப்பாங்க. இழை விட்டுப்போனாத் திட்டுவாங்க, நாளைக்கு வராதேன்னும் சொல்லிடுவாங்க. ஆனா ஓட்டின துணிக்குக் கூலியை எண்ணிக் கையில கொடுத்துத்தான் அனுப்புவாங்க. நீங்க எல்லாம் பட்டணத்துப் படிப்புப் படிச்சு என்ன சாமி பண்றீங்க?”ன்னு கேட்டுட்டு லைட்டை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. (பலத்த கைதட்டல்) நான் வேலை பண்ற ரூம் லைட்டை! கம்ப்யூட்டர் வெளிச்சத்துலயே முடிச்சு அனுப்பினேன். ஒன்பது நாள் கழிச்சு ஒரு வரி வந்தது. வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம், நன்றி. எங்கே குறை, எது சரியில்லைன்னு ஒரு வார்த்தை? கிடையாது. பள்ளிக்கூடத்துல முட்டை வாங்கினாக்கூட வாத்தியார் சிவப்பு மையில தப்பைச் சுழிச்சுக் கொடுப்பாரு.

இன்னொரு வகை, எதிரே ஆள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கற டெஸ்ட். நீங்க எழுதணும், எழுதும்போதே என்ன நினைக்கறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லணும். அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரங்க, மைக்ரோசாஃப்ட்காரங்களோட சேர்ந்து இதை ஆராய்ச்சி பண்ணி 2020ல வெளியிட்டாங்க. 48 மாணவர்கள். ஒரு பகுதிப் பேரைத் தனி அறையில பலகை முன்னால விட்டு எழுதச் சொன்னாங்க. இன்னொரு பகுதிப் பேருக்கு எதிரே ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தாரு. ஆள் பார்த்தபோது செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்துடுச்சு. அதுலயும், தனியா எழுதின பெண்கள் அத்தனை பேரும் சரியா முடிச்சாங்க. ஆள் பார்க்க எழுதின பெண்கள்ல ஒருத்தர் கூட முடிக்கலை. கொஞ்சப் பேரை வச்சுப் பண்ணின ஆராய்ச்சிதான், நான் மறுக்கலை. ஆனா தாய்மார்களே, மாமியார் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா முதல் நாள் வச்ச ரசம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

என்ன கேட்கறாங்கங்கறதும் ஒரு கூத்து. கம்ப்யூட்டர் பாடத்துல ‘மரம்’னு ஒண்ணு உண்டு. வேர் மேல இருக்கும், கிளை கீழே போகும். அந்த மரத்தோட இடது கிளையை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாத்தணும். மேக்ஸ் ஹோவெல்னு ஒருத்தர், ஹோம்ப்ரூங்கற புரோகிராமை எழுதினவர். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கற புரோகிராமர்கள் ஏகப்பட்ட பேர் அதைத்தான் தினமும் பயன்படுத்தறாங்க. 2015ல அவரே ட்விட்டர்ல எழுதினாரு: கூகுளுக்கு இன்டர்வியூ போனாராம், உங்க புரோகிராமைத்தான் எங்க ஆட்கள்ல பெரும்பாலானவங்க பயன்படுத்தறாங்க, ஆனா பலகையில மரத்தைத் திருப்பிப் போடத் தெரியலையே, போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்கன்னு. அது மாதச் சம்பள வேலைக்கான தேர்வு, ஒத்துக்கறேன். ஆனா அதே கேள்வித்தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்து இப்ப எங்ககிட்டயும் நீட்டறாங்க. ஜவுளிக்கடையில பில் போட எந்த மரத்தைங்க நான் திருப்பணும்?

இப்ப எதிரணியோட பலமான வாதத்துக்கு வர்றேன். அவங்க தலைவர் பேசும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துச்சு. “உங்களுக்குக் காட்டறதுக்குச் செய்த வேலை இருக்கு, சொல்றதுக்குப் பழைய வாடிக்கைக்காரங்க இருக்காங்க. நேத்துக் காலேஜ் முடிச்சு வெளியில வந்த பையன் எதைக் காட்டுவான்? சிபாரிசு இல்லை, பெரிய காலேஜ் பேரு இல்லை, இங்கிலீஷ் சரளமா வரலை. பரீட்சை ஒண்ணுதான் அவனுக்குத் திறக்கற கதவு. அதையும் மூடச் சொல்றீங்களே”ன்னு கேட்டாரு. திருச்சி என்.ஐ.டி.யில படிச்ச விவேக் ரவிசங்கரும் ஹரிசங்கரன் கருணாநிதியும் 2009ல ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு ஹேக்கர்ரேங்க்னு உலகம் பூரா கோடிங் டெஸ்ட் நடத்துது, நம்ம ஊர்ல படிச்ச பசங்க திறந்துவிட்ட கதவு அதுன்னும் பெருமையாச் சொன்னாரு. பெருமைதான். நானும் கைதட்டினேன்.

ஆனா அய்யா, அந்தப் பையன் வீட்டுக்குள்ள கொஞ்சம் போய்ப் பார்ப்போம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டறாரு. பையன் பகல்ல ஒரு செல்போன் கடையில நிக்கறான். ராத்திரி 9 மணிக்கு மேலதான் கம்ப்யூட்டரைத் தொடறான். அவனுக்கு ஒரு டெஸ்ட் வருது, 12 மணி நேர வேலை. மூணு ராத்திரி போச்சு. பதில் இல்லை. இன்னொண்ணு வருது, 15 மணி நேரம். அதுக்கும் பதில் இல்லை. மூணாவது டெஸ்ட் வரும்போது அவன் என்ன முடிவு எடுப்பான்? செல்போன் கடையிலேயே முழு நேரமா நின்னுடறேன், மாசம் பொறந்தா சம்பளமாவது வரும்னு போயிடுவான். அதே டெஸ்டை, அப்பா சம்பாத்தியத்துல நிம்மதியா உட்கார்ந்திருக்கற இன்னொரு பையன் பத்து தடவை எழுதுவான். பதினோராவதுல ஜெயிப்பான். அவன் திறமைசாலி இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா அங்கே ஜெயிச்சது யாருங்க? கூலி இல்லாம யாரால அதிக நாள் தாக்குப் பிடிக்க முடியுதோ, அவங்க. ஏழைப் பையனுக்குத் திறந்த கதவுன்னு சொல்றீங்களே, அந்தக் கதவுல டிக்கெட் கிழிக்கறாங்கங்கறதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? (பலத்த கைதட்டல்)

கைக்குழந்தையோட இருக்கற பெண்களை எடுத்துக்கோங்க. கம்பெனி வேலையை விட்டுட்டு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதறவங்க எத்தனை பேர் இருக்காங்க. குழந்தை தூங்கற ரெண்டு மணி நேரம்தான் அவங்க ஆபீஸ். அந்த ரெண்டு மணி நேரத்தைத்தான் நீங்க ‘சின்ன டெஸ்ட்’னு கேட்கறீங்க.

இன்னொரு அக்கா ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் கொண்டு வந்திருந்தாங்க. 1998ல ஷ்மிட், ஹண்டர்ங்கற ரெண்டு பேர் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்க்கறதுதான் ஆளை எடை போடறதுக்கு முதல் தரமான வழிகள்ல ஒண்ணுன்னு சொன்னாங்களாம். உண்மைதான். 2022ல சாக்கெட்ங்கறவரும் அவர் கூட்டாளிகளும் மறுபடி கணக்குப் போட்டு அந்த மதிப்பைக் குறைச்சுட்டாங்க, எல்லாரையும் ஒரே மாதிரி முறையாக் கேள்வி கேட்கற இன்டர்வியூ அதுக்கு மேல வந்துடுச்சு. அக்கா அந்தப் பக்கத்தைப் புரட்டலை போல இருக்கு. சரி, பழைய கணக்கையே வச்சுக்குவோம். வேலை செய்யச் சொல்லிப் பாருங்க. நான் வேண்டாங்கலையே! காசு கொடுக்காமச் செய்யச் சொல்லிப் பாருன்னு அந்த ஆராய்ச்சியில எங்கேயாவது இருக்கா?

(நடுவர்: “அப்போ காசு கொடுத்தா நீங்க எதிரணிக்குப் போயிடுவீங்களா?”)

காசு கொடுத்தா அது டெஸ்ட் இல்லைங்கய்யா, வேலை! (சிரிப்பு, கைதட்டல்)

நான் ஆகாயத்துல கோட்டை கட்டிப் பேசலை. வேர்ட்பிரஸ்.காம் நடத்தற ஆட்டோமேட்டிக் கம்பெனியோட தலைவர் மேட் முல்லன்வெக் 2014ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல எழுதினாரு. ஆள் எடுக்கறதுக்கு முன்னால சில வாரம் நிஜமான வேலையையே கொடுத்துப் பார்ப்பாங்களாம். எந்தப் பதவிக்கு வந்தவரா இருந்தாலும் மணிக்கு 25 டாலர் கூலி. இருக்கற வேலையை விட வேண்டாம், ராத்திரியிலயோ சனி ஞாயிறுலயோ செய்யலாம். எங்க அத்தையோட தறிப் பட்டறை நியாயம் அமெரிக்காவுலயும் இருக்கு பாருங்க! ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் ஒண்ணாச் சேர்ந்து 2015ல அப்வொர்க்னு பேர் வச்சுக்கிட்ட சந்தை இருக்கே, உலகம் பூராவும் எங்களை மாதிரி ஆட்கள் வேலை பிடிக்கற இடம், அங்கேயும் ஒப்பந்தம் பேசற கட்டத்துல இலவச வேலை கேட்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நியூயார்க் நகரத்துல 2017 மே மாசம் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்தது. 800 டாலரோ அதுக்கு மேலயோ போற வேலைன்னா எழுத்துல ஒப்பந்தம் போடணும், தேதி குறிக்கலைன்னா வேலை முடிஞ்ச 30 நாளுக்குள்ள பணம் வந்துடணும். அந்தச் சட்டத்தோட பேரைத் தமிழ்ல சொன்னா, ‘ஃப்ரீலான்ஸ் ஒண்ணும் ஃப்ரீ இல்லை’! அந்த ஊர்க்காரங்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கு. (சிரிப்பு)

அந்தச் சேலத்து ஜவுளிக்கடைக்காரர் கதையை முடிக்கலையே. டெஸ்ட் வைக்கத் தெரியலைன்னாரு இல்லையா? நான் சொன்னேன்: “அண்ணாச்சி, என்னோட பழைய வாடிக்கைக்காரங்க ரெண்டு பேர் நம்பர் தர்றேன், அவங்ககிட்டயே சொல்லிட்டேன், நான் இல்லாதப்போ பேசுங்க. அப்புறம், முழு வேலையும் வேண்டாம். தினமும் சாயங்காலம் எவ்வளவு ஸ்டாக் இருக்குன்னு காட்டற ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதித் தர்றேன். நாலு நாள், 6,000 ரூபாய். பிடிக்கலைன்னா அதோட நிறுத்திக்கலாம், எழுதினது உங்களுக்கே சொந்தம்.” ஒத்துக்கிட்டாரு. முதல் நாளே நான் அவருக்கு போன் பண்ணி, “வாங்கின சேலையைத் திருப்பிக் கொண்டு வந்தா ஸ்டாக்ல சேர்க்கறதா, வேண்டாமா?”ன்னு கேட்டேன். “கிழிஞ்சதாம்மா, கிழியாததா?”ன்னாரு. பேசிப் பேசி ஒரு மணி நேரம் ஆச்சு. இடையில துவைச்சுட்டுக் கொண்டு வர்றவங்க கதை வேற! ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அவர் என்ன சொன்னாரு தெரியுங்களா? “நீ எழுதினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா அந்த ஆள் ஆறு மாசத்துல ஒரு தடவை கூட இப்படிக் கேள்வி கேட்கலை.”

டெஸ்ட்ல கேள்வியை அவங்க கேட்பாங்க. ஒப்பந்த வேலையில கேள்வியை நாங்க கேட்கணும். யார் கேட்கறாங்க, யார் கேட்காம மென்னு முழுங்கறாங்கங்கறது 48 மணி நேரப் பரீட்சையில தெரியவே தெரியாது. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னும் மோசம். பழைய டெஸ்ட் கேள்வியை அதுல போட்டா, நீங்க மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போடறதுக்குள்ள விடை வந்துடுது. ஆனா, “கிழிஞ்ச சேலையை என்ன பண்றது”ன்னு சேலத்துக்கு அதுவா போன் பண்ணிக் கேட்கப் போகுது? (கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்.)

மணி அடிச்சுட்டீங்க. முடிச்சுக்கறேங்கய்யா. எனக்கு அடுத்து எதிரணியில பேச வர்ற தம்பி, சொந்தமா சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தறவர். எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. தம்பி, நீங்க வைக்கற டெஸ்டைத் திருத்தறதுக்கு உங்க ஆபீஸ்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, திருத்தற நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? அதை மட்டும் முதல்ல சொல்லிட்டு அப்புறம் உங்க பேச்சை ஆரம்பிங்க. (பலத்த கைதட்டல்)